வன்மையும் மென்மையும்: விரைவுந்துகளின் பயணச் சுகம் வளர்ந்த வரலாறு

வேகமாக ஓடும் வண்டி முரடாகத்தான் இருக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என உலகம் அழைக்கும் விரைவுந்தில் ஏறி அமர்பவர், சாலையின் ஒவ்வொரு குழியையும் தம் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டே செல்ல வேண்டும் என்றும், அதற்கு அஞ்சுபவர் மெத்தை வைத்த பெரிய கார்களை நாடிக்கொள்ளலாம் என்றும் பலர் கருதினர். வாங்கியவர்கள் கருதினர், விற்றவர்கள் கருதினர், வியப்பு என்னவெனில், செய்தவர்களுள் பெரும்பாலோரும் அவ்வாறே கருதினர். இந்நம்பிக்கை எங்ஙனம் தோன்றிற்று, எவரால் தளர்ந்தது, தளர்ந்த பின்னும் எவ்வழியாக மீண்டும் தலைகாட்டிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். இவ்வரலாற்றில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் பிரான்சும் முன்னிற்கும். ஆயினும் மலாயாவின் பால்மரக் காடுகளை விடுத்து இதனைச் சொல்லி முடித்தல் இயலாது.

மாட்டு வண்டியின் அச்சும் பாரும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் ஏறும். அதில் அமர்ந்தவரும் ஏறி விழுவார். சக்கரம் மட்டும் ஏறி இறங்க, உடற்பகுதி தன் நிலையில் செல்ல வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே வளைந்து கொடுக்கும் ஒன்று வேண்டும். எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் குதிரை வண்டிகளில் பரவியது இத்தேவையினால்தான். ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை அமுக்கி விட்டால் அது உடனே ஓய்வதில்லை. ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் கதியே பயணத்தின் சுகத்தையும் துன்பத்தையும் முடிவு செய்கிறது. வினாடிக்கு ஒரு முறை அல்லது அதனினும் சற்று மிகுதியாக ஏறி இறங்கும் வண்டி உடலுக்கு இதமானது. வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் குலுங்கும் வண்டி உடலை அலுக்கச் செய்வது. இங்கிலாந்தின் முன்னோடிப் பொறியாளருள் ஒருவரான ஃபிரெடெரிக் லான்செஸ்டர், மனிதன் நடக்கும்போது அவன் உடல் இயல்பாக ஏறி இறங்கும் கதியை அளவாகக் கொண்டு தம் கார்களின் வில்களை அமைத்தார். பிறந்த நாள்முதல் மனிதனுக்குப் பழகிய ஆட்டம் அது; அவ்வாட்டத்தை உடல் வெறுப்பதில்லை. எளிமையான இவ்வுண்மையை அவர் காலத்து ஏனையோர் பொருட்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது.

வில் ஒரு பாதி என்றால், டயர் மறுபாதி. இரும்புப் பட்டை அடித்த சக்கரத்திற்கு மாற்றாகக் காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணியவர் ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணியாலான குழாயைத் தோலுறைக்குள் வைத்துக் காற்று நிரப்பி, 1847-இல் இலண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளை ஓட்டிக் காட்டினார். அவ்வண்டிகள் ஓசையின்றி ஓடின, இழுக்கவும் எளிதாயின. ஆயினும் அன்றைய உலகில் அதற்குத் தேவை எழவில்லை, கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு காற்றடைத்த டயரைப் புதிதாகச் செய்தார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். தாம்சன் முந்திக்கொண்டார் என்ற செய்தி தெரியவந்தபோது அவ்வுரிமை செல்லாது போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. பிரான்சின் மிஷலான் உடன்பிறப்புகள் 1895-ஆம் ஆண்டுப் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் ஓட்டத்தில் காற்றடைத்த டயருடன் ஒரு காரை ஓட்டிச் சென்றனர். வழிநெடுகப் பலமுறை காற்றுப் போயிற்று, வெற்றி கிட்டவில்லை. ஆயினும் இரும்புச் சக்கரத்தின் காலம் முடிந்தது என்பதை அறிவுடையோர் அன்றே உணர்ந்தனர்.

காற்றைச் சிறை வைக்க ரப்பர் வேண்டும். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அவ்வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலக் கங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டாமலும் சாகடிக்காமலும் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். காப்பி பயிரிட்ட தோட்டக்காரர்களைக் கண்டபோதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ரப்பர் விதையை எடுத்து நீட்டுவாராம். அதனால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமும் கிடைத்தது. டன்லப் தம் மகனுக்காக டயர் செய்து காப்புரிமை பெற்றதும், ரிட்லி சிங்கப்பூரில் கால் வைத்ததும் ஒரே ஆண்டு என்பது வரலாற்றின் விந்தை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன்பின் காடுகள் அழிந்தன. நிரை நிரையாகப் பால்மரங்கள் எழுந்தன.

அம்மரங்களின் அடியில் விடியலுக்கு முன்னரே விளக்கேந்தி நின்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்கள் ஒரு சாரார். 1910-இல் அம்முறை மலாயாவில் ஒழிந்த பின்னர்க் கங்காணிகள் வழியே வந்தவர்கள் மறு சாரார். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை கங்காணி முறை நீடித்தது. டன்லப் நிறுவனமே 1910-ஐ ஒட்டி மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கி, பின்னர்ப் பெருந்தோட்ட உரிமையாளராய் வளர்ந்தது. ஐரோப்பியச் செல்வர் ஒருவர் தம் விரைவுந்தில் ஆல்ப்ஸ் மலைச் சரிவில் இறங்கியபோது, அவருக்கும் சாலைக்கும் இடையே இருந்த மெல்லிய அடுக்கு பல வேளைகளில் தமிழ்த் தொழிலாளியின் வாளியில் சேர்ந்த பாலே. தோட்டத்துக் கூலி வரிசை வீட்டிலிருந்து கம்பெனி அலுவலகம்வரை செல்ல மாட்டு வண்டியைத் தவிர வேறு ஊர்தி அறியாத மக்கள், உலகத்தின் பயணச் சுகத்தைச் சுமந்தனர். அவர்கள் பெயர்கள் எந்தக் காப்புரிமை ஏட்டிலும் இல்லை.

இனி விரைவுந்துக்கு வருவோம். 1920-களிலும் 1930-களிலும் இங்கிலாந்தில் புகழ்பெற்ற விரைவுந்துகளின் சட்டகம் ஏணியைப் போன்றது: இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகள், குறுக்கே சில இணைப்புகள். அதன் கீழ் முன்னும் பின்னும் இறுக்கமான பட்டை வில்கள். தோல், மரத் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உராயச் செய்யும் அதிர்வடக்கிகள் வில்லின் ஆட்டத்தை மட்டுப்படுத்தின. இவ்வடக்கிகளுக்கு ஒரு கேடு உண்டு. சிறு மேட்டில் சக்கரம் அசைய வேண்டிய நேரத்தில் அவை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரும் பள்ளத்தில் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கி விடும். ஆகவே சாலையின் சிறு சிறு நெளிவுகள் யாவும் அப்படியே ஓட்டுநரின் இருக்கைக்கு வந்து சேர்ந்தன. வில் வளையாதபோது ஏணிச் சட்டகமே முறுக்கிக்கொண்டு வளைந்தது. வளைய வேண்டியது வளையவில்லை. வளையக் கூடாதது வளைந்தது. அன்றைய விரைவுந்தின் குறையை இவ்வொரு தொடரில் அடக்கிவிடலாம்.

அக்காலத்தார் இதனைக் குறையாகக் கருதவில்லை. வளைவில் வண்டி சாயாமல் நின்றால் அது சாலையை இறுகப் பற்றுகிறது என்று நம்பினர். உண்மை வேறு. சாலையைப் பற்றுவது டயர் ஒன்றே. டயரின் மீது விழும் பாரம் சீராக இருக்கும்வரை பிடியும் சீராக இருக்கும். வில் இறுகினால், மேட்டில் ஏறிய சக்கரம் அந்தரத்தில் ஒரு கணம் தத்தும். அக்கணத்தில் பிடி இல்லை. குண்டும் குழியுமான சாலையில் இறுகிய வில் வேகத்திற்குத் துணை அன்று, பகை. பந்தயத் திடலின் சமமான தரைக்கு ஏற்ற அளவை ஊர்ச் சாலைக்கும் அப்படியே கொண்டுவந்ததுதான் தவறு.

இத்தவற்றைத் திருத்திய ஆராய்ச்சி விரைவுந்துக்கென்று நடந்ததன்று. அமெரிக்காவின் மிகப் பெரிய சொகுசு வண்டிகளுக்காக நடந்தது. மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 1930-இல் அமெரிக்காவின் காடிலாக்கில் சேர்ந்தார். 1932-இல் அவர் ஒரு விந்தையான வண்டியைச் செய்தார். எழுவர் அமரும் பெரிய காரின் முன்னும் பின்னும் நீட்டிய சட்டங்களில் நகர்த்தத்தக்க எடைகளைத் தொங்கவிட்டார். எடைகளை இடம் மாற்றுவார், வில்களை மாற்றுவார், பிறகு அதில் ஏறிக் கரடுமுரடான சாலையில் செல்வார். சுகத்தை அளக்கும் கருவி அன்று இல்லை. அமர்ந்து சென்றவர்களின் உடலே அளவுகோல்.

அக்கால வழக்கப்படி முன் வில்கள் கடினமாகவும் பின் வில்கள் மென்மையாகவும் இருந்தன. ஆலி இதைத் தலைகீழாக்கினார். முன் வில்லைப் பின் வில்லினும் மென்மையாக்கியதும், முன்னும் பின்னும் ஏற்றம் போல் ஆடிய வண்டி சமநிலையில் மிதந்து சென்றது. காரணம் எளிது. மேட்டை முதலில் சந்திப்பது முன் சக்கரம். பின் சக்கரம் சற்றுப் பிந்தியே சந்திக்கும். பின்பகுதி சற்று விரைந்து ஆடினால், பிந்தித் தொடங்கினாலும் முன்பகுதியை எட்டிப் பிடித்துவிடும். அப்போது தலையாட்டம் நின்று, வண்டி முழுதும் ஒன்றாக மெல்ல ஏறி இறங்கும். தலையாட்டமே பயணிக்குக் குமட்டலும் சோர்வும் தருவது. நேர் ஏற்ற இறக்கத்தை உடல் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை எழுந்தது. முன் வில்லை மென்மையாக்கினால், இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இணைத்த பழைய முன் அச்சு வெறிபிடித்தாற்போல் நடுங்கத் தொடங்கியது. 1923 முதல் பரவிய, குறைந்த காற்றழுத்தமுடைய பருத்த ‘பலூன்’ டயர்கள் சாலையின் கடுமையைப் பெரிதும் தணித்திருந்தன. ஆனால் இந்நடுக்கத்தை அவை மிகுவித்தன. ஒரு நோய்க்கு மருந்து தந்தால் மற்றொரு நோய் எழுந்தது. அச்சையே நீக்கி, ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனியே தாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆலி முடிவு கட்டினார். 1934-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் தனித் தாங்கமைப்பு வந்தது. இத்தாலியின் லான்சியா ‘லாம்டா’ 1922-லேயே இவ்வகையை மேற்கொண்டிருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் ஏன் வேண்டும் என்பதை ஆய்ந்து நிறுவிய பெருமை ஆலியைச் சாரும். பிற்காலத்தில் 1953-இல் வெளிவந்த செவ்ரோலெ ‘கார்வெட்’ விரைவுந்தின் அடிச்சட்டகத்தை வகுத்தவரும் அவரே.

இங்கிலாந்து மெல்லத்தான் பாடம் கற்றது. 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. ‘டி.சி.’ பழைய அச்சும் பழைய வில்லும் உடையது. இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதன்மேல் காதல் கொண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1950-இல் அதன் இடத்தைப் பிடித்த ‘டி.டி.’ தனித் தாங்கமைப்புடன் வந்தபோது, வண்டி மென்மையாகிவிட்டதே என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். முதுகுவலியையும் வீரத்தின் அடையாளமாகக் கொள்வோர் எக்காலத்தும் உளர்.

1961-இல் ஜாகுவார் நிறுவனம் ஜெனீவாவில் வெளியிட்ட ‘ஈ-டைப்’ ஒரு திருப்புமுனை. அதன் பின் சக்கரங்கள், அவற்றின் சுருள்வில்கள், பிரேக்குகள், பல்லிணைப் பெட்டி யாவும் ஒரு தனிக் கூட்டில் அடக்கப்பட்டன. அக்கூடு உடற்பகுதியோடு நேரே முடுக்கப்படவில்லை. இடையே ரப்பர்த் தாங்கிகள் வைக்கப்பட்டன. சாலையின் அதிர்வும் பல்லிணைகளின் இரைச்சலும் ரப்பரிலேயே அடங்கின. மணிக்கு 150 மைல் ஓடும் என்று பேர் வாங்கிய வண்டி, இல்லற வண்டியைப் போல் சாந்தமாக நகர்வலம் வந்தது.

அடுத்த ஆண்டு லோட்டஸ் ‘இலான்’ வந்தது. லோட்டசை நிறுவிய காலின் சாப்மன் எடையைப் பகைவனாகக் கருதியவர். இலானின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதன் முதுகெலும்பாக, பெட்டி போல் மடித்த எஃகுத் தகட்டுச் சட்டகம் நடுவே ஓடியது. மொத்த எடை 700 கிலோவுக்கும் குறைவு. அந்த முதுகெலும்பு முறுக்கத்திற்கு இணங்காத உறுதியுடையது. சட்டகம் வளையாதபோது வில் துணிந்து வளையலாம். இலானின் வில்கள் வியக்கத்தக்க அளவு மென்மையானவை, சக்கரங்கள் நெடுந்தொலைவு ஏறி இறங்கக்கூடியவை. அந்த ஆட்டத்தை எண்ணெயால் இயங்கும் அதிர்வடக்கிகள் அளவாக அடக்கின. உடல் எங்கே வன்மையாக இருக்க வேண்டும், எங்கே மென்மையாக இருக்க வேண்டும் என்ற பகுப்பே சாப்மனின் மேதைமை. ஏணிச் சட்டக வண்டிகள் செய்ததை அப்படியே கவிழ்த்துப் போட்டார். எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கடத்தும் தண்டுகளிலும் ரப்பர் இணைப்பு வளையங்களே இருந்தன. விரைவுந்துக்குப் பயணச் சுகம் வேண்டுமா என்று கேட்போர்க்கு இலானைக் காட்டினால் போதும்.

இந்த லோட்டஸ் நிறுவனத்தை மலேசியாவின் புரோட்டோன் 1996-இல் வாங்கியது. அதன்பின் சில புரோட்டோன் கார்களின் தாங்கமைப்பு லோட்டஸ் பொறியாளர் கைப்பட்டு, அதனைக் குறிக்கும் சின்னமும் பின்புறத்தில் ஒட்டப்பட்டு வந்தது. 2017-இல் லோட்டசின் பெரும்பங்கு சீனாவின் கீலி நிறுவனத்திற்குக் கைமாறிற்று. பாலைத் தந்த நாடு, அப்பாலில் ஓடும் வண்டியின் நுட்பத்திற்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உரிமை பூண்டிருந்தது.

இதற்கிடையே டயரிலும் ஒரு புரட்சி நிகழ்ந்தது. பழைய டயர்களில் நூலடுக்குகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டன. மிஷலான் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் நூல்கள் சக்கரத்தின் ஆரம் போல நேராகச் சென்றன; தரையைத் தொடும் பரப்பின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இறுக்கிப் பிடித்தது. பக்கச் சுவர் வளைய, மிதிபரப்பு தட்டையாகத் தரையில் படிந்தது. பிடி கூடியது, ஆயுள் பெருகியது. வேகத்தில் இதம் தந்த ரேடியல், மெல்லச் செல்லும்போது மட்டும் சாலையின் சிறு கற்களைத் தட்டிக் காட்டியது. எஃகுப் பட்டை முன்பின்னாக இணங்காததே அதற்குக் காரணம். பழைய டயருக்கென்று வகுத்த கார்களில் ரேடியலை மாட்டியோர் பலர் இக்கடுமையைக் கண்டு குறைகூறினர். டயரைக் குறைகூறிப் பயனில்லை. தாங்கமைப்பின் மூட்டுகளில் சக்கரம் ஒரு நூலளவு பின்னோக்கி இணங்குமாறு ரப்பர் உறைகளை அமைக்க வேண்டும் என்று பொறியாளர் கண்டறிந்தனர். ஆக, வில்லும் டயரும் ஒருவருக்கொருவர் ஏற்றவாறு வகுக்கப்படாவிட்டால் இரண்டும் வீண்.

ரேடியல் டயர் பால்மரத்திற்கும் மறுவாழ்வு தந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் பெருகி இயற்கை ரப்பரின் இடத்தைப் பறித்து வந்தது. ஆனால் வளைந்து நெளியும் ரேடியல் பக்கச் சுவருக்குச் சூட்டைச் சேர்த்து வைக்காத, எஃகோடு நன்கு ஒட்டும் ரப்பர் தேவைப்பட்டது. அக்குணம் மரத்துப் பாலுக்கே சிறப்பாக உண்டு.

1970-களின் நடுவில் பிரெல்லி நிறுவனம் பந்தய வண்டிகளின் அனுபவத்திலிருந்து ‘பி7’ என்னும் அகன்ற, பக்கச் சுவர் தாழ்ந்த டயரைக் கொணர்ந்தது. போர்ஷே ‘911 டர்போ’ அதனை ஏற்றது. வளைவில் அதன் பிடி பேராற்றல் வாய்ந்தது. ஆனால் பக்கச் சுவர் என்பது காற்றால் ஆன வில்; அதைக் குறைத்தால் மெத்தையைக் குறைத்ததாகும். சக்கரத்தின் இரும்பு பெரிதாகப் பெரிதாக, வில்லால் தாங்கப்படாத எடையும் கூடியது. அவ்வெடை மேட்டில் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சியை எந்த வில்லாலும் முழுதும் மறைக்க இயலாது. அழகுக்காகப் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் மாட்டும் வழக்கம் இன்று சாதாரணக் கார்களையும் பிடித்துக்கொண்டது. சுகம் நாடுவோர் முதலில் செய்யத்தக்கது, ஓரங்குலம் சிறிய சக்கரமும் அதற்கேற்ற உயர்ந்த பக்கச் சுவரும் பொருத்தி, காற்றழுத்தத்தைச் செய்தவர் குறித்த அளவில் வைத்தலே. செலவு மிகுந்த அதிர்வடக்கிகள் பிறகு வரலாம்.

மின்னணுவியலும் துணைக்கு வந்தது. எண்ணெயழுத்தத்தால் சக்கரத்தை ஏற்றி இறக்கும் இயங்கு தாங்கமைப்பை லோட்டஸ் 1983-இல் பந்தய வண்டியில் சோதித்தது. 1987-இல் அயர்டன் சென்னா அவ்வகை வண்டியில் மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். 1994 முதல் பந்தயங்களில் அது தடை செய்யப்பட்டது. 2003-ஆம் ஆண்டுக் கார்வெட்டில் இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தத்தால் நொடியில் இறுக்கியும் இளக்கியும் ஆளும் அதிர்வடக்கிகள் வந்தன. ஒரே வண்டி, சாலைக்கேற்பத் தன் குணத்தை மாற்றிக்கொண்டது.

இறுதியாக ஒருவர். இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் என்னும் சிற்றூரில் 1848-லிருந்து ரப்பர்த் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அலெக்ஸ் மோல்டன். எஃகு வில்லுக்கு மாற்றாக ரப்பர்க் கூம்புகளைக் கொண்டு 1959-இல் ‘மினி’யின் தாங்கமைப்பை அமைத்தவர் அவரே. பின்னர் நீர்மமும் அடைத்த வாயுவும் கொண்டு, முன் சக்கரத்தின் அதிர்ச்சி குழாய் வழியே பின் சக்கரத்திற்குச் செய்தி சொல்லும் ‘ஹைட்ராகாஸ்’ முறையைக் கண்டார். ஆலி வில்களின் அளவால் சாதித்ததை மோல்டன் நீர்மத்தால் சாதித்தார்: முன்பகுதி ஏறும்போதே பின்பகுதி ஆயத்தமாகியது, தலையாட்டம் அடங்கியது. 1995-இல் எம்.ஜி. நிறுவனம் தன் புதிய விரைவுந்தான ‘எம்.ஜி.எஃப்.’-இல் இம்முறையைப் பொருத்தியது. முதுகை முறித்த டி.சி.யின் வழிவந்த வண்டி, மெத்தென்று சென்று வளைவிலும் நிலைகுலையாது நின்றது.

ஏழாண்டுகள் கழிந்தன. 2002-இல் அவ்வண்டி ‘டி.எஃப்.’ என்னும் புதுப் பெயருடன் வெளிவந்தபோது, மோல்டனின் கோளங்கள் நீக்கப்பட்டு இறுக்கமான எஃகுச் சுருள்வில்கள் இடம்பெற்றிருந்தன. வளைவில் அது முன்னிலும் சாயாமல் சென்றது. சாலையின் குழிகளை ஓட்டுநர்கள் மீண்டும் முதுகால் எண்ணத் தொடங்கினர்.